கல்யாண வீடியோவுக்குப் பெரிய கிம்பலா, சின்ன கிம்பலா, புது பாடியா?

திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: கிம்பல் என்பது கேமரா ஆடாமல் நிறுத்தும், மோட்டார் வைத்த கைப்பிடி. பாடி என்பது லென்ஸ் இல்லாத கேமரா.

"அண்ணா, வணக்கம். வீடியோ எடுக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. கேமரா சோனி இசட்வி-ஈ10. அதோடு வந்த 16-50 லென்ஸும், சிக்மா 16 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. நின்று எடுத்தால் நன்றாக வருகிறது. நடந்துகொண்டே எடுத்தால் படம் ஜெல்லி மாதிரி ஆடுகிறது. கேமராவிலேயே ஆட்டத்தைக் குறைக்கும் ஆக்டிவ் முறையைப் போட்டால் படம் ரொம்பக் கிட்டே வந்துவிடுகிறது. நாலரை கிலோ தாங்கும் பெரிய கிம்பலாக வாங்கிக்கொள், நாளைக்குக் கேமரா மாற்றினாலும் உதவும் என்று கடையில் சொல்கிறார்கள். கூட வேலை பார்க்கும் அண்ணன், கிம்பலே வேண்டாம், உள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கும் பாடிக்கு மாறிவிடு என்கிறார். இன்னொருவர் தன்னுடைய பழைய கிளைட்கேமை 6,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. தை முகூர்த்தங்களுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். என்ன செய்யட்டும்?"

தம்பி, உங்கள் கேமராவுக்கும் உங்கள் வேலைக்கும் 2 கிலோ தாங்கும் சின்ன கிம்பல் போதும். பெரியது வேண்டாம். பாடி மாற்றுவதை இந்த வருஷம் ஒத்திப்போடுங்கள். கிம்பலுக்குப் போக மிச்சமிருக்கும் பணத்தில், அடியில் மூன்று குட்டிக் கால்கள் உள்ள ஒரு மோனோபாட், அதாவது ஒற்றைக் கம்பத் தாங்கி, வாங்குங்கள். அதற்கு முன்னால் மதுரையிலோ திருச்சியிலோ ஒரு கிம்பலை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, ஒரு சின்ன விசேஷத்தில் வைத்து வேலை பார்த்துவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது தெரிந்தால்தான் கடையில் யார் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படம் எதனால் ஆடுகிறது என்று பார்ப்போம். நடந்து எடுக்கும்போது இரண்டு விதமான ஆட்டம் உள்ளே வருகிறது. ஒன்று, மணிக்கட்டு திரும்புவதாலும் சாய்வதாலும் கேமராவின் முகம் அங்குமிங்கும் திரும்புவது. இன்னொன்று, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு மேலே போய்க் கீழே வரும்போது கேமராவும் மொத்தமாக ஏறி இறங்குவது. நீங்கள் ஜெல்லி என்று சொல்வது இந்த இரண்டின் விளைவு. உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் 4கே எடுக்கும்போது படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது, அந்த வேகமும் குறைவு. மேல் வரியைப் படித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் உங்கள் கை நகர்ந்துவிடுகிறது. மண்டபத் தூண் நேராக நிற்காமல் நெளிவது அதனால்தான். கை ஆடாவிட்டால் தூணும் நெளியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்டிவ் என்பது படத்தின் ஓரங்களை வெட்டி, அந்த மிச்ச இடத்தில் படத்தை நகர்த்தி நிறுத்தும் வேலை. உங்கள் 16 எம்எம், முழு ஃபிரேம் கணக்கில் 24 எம்எம் கோணம் தரும். ஆக்டிவ் போட்டால் அது கிட்டத்தட்ட 35 எம்எம் கோணத்துக்குச் சுருங்கிவிடும். மணமகள் அறை மாதிரி பத்துக்குப் பத்து இடத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்கே தெரியும். கூடவே, நொடிக்கு 30 ஃபிரேமில் 4கே எடுத்தால் இந்தக் கேமரா தன்பங்குக்கும் கொஞ்சம் வெட்டும். 25-ல் வைத்தால் முழு அகலமும் கிடைக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கும் 25 தான் ஒத்துப்போகும்.

கடைக்குப் போவதற்கு முன்னால், செலவில்லாத ஒரு வேலையை இந்த வாரமே செய்து பாருங்கள். உங்கள் கேமரா ஒவ்வொரு கிளிப்பிலும், எடுக்கும்போது தான் எப்படி ஆடியது என்ற கணக்கையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. சோனியின் கேட்டலிஸ்ட் பிரவுஸ், ஜைரோஃப்ளோ என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டுமே அந்தக் கணக்கைப் படித்து, ஆடியதற்கு எதிர்த் திசையில் படத்தை நகர்த்தி நேராக்கும். ஜைரோஃப்ளோ அந்த ஜெல்லி நெளிவையும் சேர்த்துச் சரி செய்யும். இதற்கு மெனுவில் ஸ்டெடிஷாட்டை (ஆக்டிவ் உட்பட, கேமராவே ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) ஆஃப் செய்துவிட்டு, சிக்மா 16-ல் எடுங்கள். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/50 நொடியில் வைக்காமல் 1/100-ல் வையுங்கள். 1/50-ல் எடுத்தால் ஆடும்போது விழுந்த மங்கல் அப்படியே ஃபிரேமில் தங்கிவிடும். மென்பொருள் படத்தை நிறுத்திய பிறகு, படம் அசையாமல் நிற்க, முகம் மட்டும் அடிக்கு ஒரு தடவை மங்கித் தெளிந்துகொண்டே இருக்கும், பார்க்கவே கண் வலிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன, ஆகவே 1/50-ம் 1/100-ம் பத்திரம், 1/60-ம் 1/80-ம் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

நின்ற இடத்திலிருந்து மெதுவாக இரண்டடி முன்னால் போவது, பக்கவாட்டில் ஒரு அடி நகர்வது மாதிரி ஷாட்டுகள் இதிலேயே தேறிவிடும். இருபது அடி நடந்து வரும் ஷாட் தேறாது. அந்த வித்தியாசத்தை உங்கள் கிளிப்பிலேயே பார்த்துவிட்டால், கிம்பல் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பது பாதி புரிந்துவிடும்.

கிம்பல் என்ன செய்கிறது? மூன்று அச்சு, மூன்று மோட்டார். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் அதை உணர்ந்து, மோட்டாருக்குச் சொல்லி, உடனே எதிர்ப்பக்கம் திருப்பும். அதாவது நான் மேலே சொன்ன இரண்டில் முதல் ஆட்டத்தை மட்டும் அது தின்றுவிடும். இரண்டாவது ஆட்டம், நடக்கும்போது ஏறி இறங்குவது, அப்படியே இருக்கும். இது தெரியாமல் கிம்பல் வாங்கியவர்கள்தான் ஒரு மாதத்தில் ஓஎல்எக்ஸில் போடுகிறார்கள். கிம்பல் கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் கொண்டு வந்தவர்களில் பாதிப் பேரின் கிம்பலில் ஒரு குறையும் இருக்காது, நடையில்தான் இருக்கும்.

இந்த ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. தூரத்தில் கோபுரத்தை வைத்து நடந்து போங்கள், கேமரா ஒரு அங்குலம் ஏறி இறங்கினாலும் கோபுரம் அசையாது. அதே கேமராவுக்கு நாலடி தள்ளி வாசலில் கட்டிய வாழை மரம் இருந்தால் அது திரையில் துள்ளும். கிட்டே இருக்கும் பொருள்தான் உங்கள் நடையைக் காட்டிக்கொடுக்கும். அதனால் மண்டப வாசல் வளைவு, தொங்கும் பூச்சரம், குத்துவிளக்கு இவற்றை ஃபிரேமின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வேகமாக நடக்காதீர்கள். அப்படி ஒரு ஷாட் வேண்டும் என்றால் 50 ஃபிரேமில், ஷட்டரை 1/100-ல் வைத்து எடுத்து, எடிட்டில் பாதி வேகத்துக்கு இறக்குங்கள். இந்தக் கேமராவில் 4கே 30-க்கு மேல் போகாது, ஆகவே ஃபுல் எச்டியில்தான் எடுக்க வேண்டும். ஹைலைட்ஸுக்கு அது தாராளமாகப் போதும்.

அப்புறம் நடை. கரகாட்டம் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்குக் கீழே அத்தனை வேகமும் ஓடும், தலையில் இருக்கும் கரகம் மட்டும் ஒரே உயரத்தில் மிதக்கும். முழங்கால்தான் அங்கே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. நமக்கும் அதேதான். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நாற்காலியில் உட்காரப் போகும்போது பாதியில் நிறுத்தியது போல நில்லுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள். குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை மெதுவாக உருட்டி, விரலில் முடியுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கை விலாவில் ஒட்டிக்கொள்ள வேண்டாம், அரை அங்குலம் விலகியே இருக்கட்டும், கைதான் உங்களுக்கு ஸ்பிரிங். தடித்த ஷூ வேண்டாம். மணமேடையில் எப்படியும் வெறுங்கால்தான், அதுதான் நல்லதும்கூட, தரை எங்கே என்று காலுக்குத் தெரியும்.

வீட்டு வாசல் கேட்டில் குறுக்குக் கம்பி இருக்குமே, அதைத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டு பதினைந்து அடி தூரத்திலிருந்து அதை நோக்கி நடந்து வாருங்கள். கம்பி திரையில் ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் இருபது தடவை, பத்து நாள். முதல் நாள் தொடை வலிக்கும். ஐந்தாவது நாளில் கம்பி அடங்க ஆரம்பிக்கும். வாடகை கிம்பல் கையில் இல்லாத நாட்களில் கேமராவை மட்டும் வைத்துப் பழகினாலும் போதும்.

சரி, பாடி மாற்றச் சொன்ன அண்ணன் விஷயத்துக்கு வருவோம். சென்சாரையே உள்ளே நகர்த்தி நிறுத்தும் வசதி அருமையான வசதி, நானும் அப்படி ஒரு பாடியில்தான் வேலை பார்க்கிறேன். நின்ற இடத்தில் 85 எம்எம் போட்டு, பெண்ணின் கண்ணில் நீர் கோத்து நிற்பதைக் கையாலேயே எடுக்கும்போது அதன் அருமை தெரியும். ஆனால் அந்தச் சென்சார் நகரக்கூடிய தூரம் சில மில்லிமீட்டர்தான். நடையின் குலுக்கல் அதற்கு அடங்காது. அகலமான லென்ஸ் போட்டு நடந்தால் சில கேமராக்களில் படத்தின் நடு நின்று மூலைகள் மட்டும் நெளியும், அது சாதாரண ஆட்டத்தைவிட மோசமாகத் தெரியும். அந்த அண்ணன் பெரும்பாலும் நின்று, நீள லென்ஸில் கேண்டிட் எடுப்பவராக இருப்பார், அவர் வேலைக்கு அவர் சொல்வது சரி. நீங்கள் கேட்பது நடந்து எடுக்கும் ஷாட். தவிர, உங்கள் 40,000-க்கு நல்ல புது பாடி வராது, இருக்கும் கேமராவை விற்றுக் கடனும் வாங்க வேண்டியிருக்கும். சம்பாத்தியம் தை மாசியில் வந்த பிறகு அதை யோசிக்கலாம்.

கிளைட்கேம் பற்றி எனக்குத் தனி மரியாதை உண்டு, அதனால் அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டே போகிறேன். ஸ்டெடிகேம் என்ற சினிமாக் கருவியின் அதே முறையில் வேலை செய்வது அது. 1970-களில் காரெட் பிரவுன் என்ற அமெரிக்க ஒளிப்பதிவாளர் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்தார். 1976-ல் வெளியான படங்களில்தான் அது முதன்முதலில் திரைக்கு வந்தது, 1978-ல் ஆஸ்கர் மேடையில் அதற்கு விருதும் கொடுத்தார்கள். அதில் மோட்டார் கிடையாது. ஒரு கம்பத்தின் மேலே கேமரா, கீழே எடை, இரண்டும் சமநிலைப்படும் இடத்துக்குச் சற்று மேலே பிடி. எடையைக் கம்பத்தின் இரு முனைக்கும் தள்ளி வைத்தால் அதைத் திருப்புவது கடினமாகிவிடும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் திரும்ப மறுக்கும் குணம் நான்கு மடங்காகும். உங்கள் மணிக்கட்டின் நடுக்கத்துக்கு அது அசைந்துகொடுக்காது. அதோடு உடம்பில் மாட்டிய கவசத்திலிருந்து ஸ்பிரிங் வைத்த கை ஒன்று வரும், அதுதான் நடையின் ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும். மோட்டார் வைத்த கையடக்கக் கிம்பல் சினிமாக்காரர்கள் கைக்குப் பரவலாக வந்தது 2013-க்குப் பிறகு, ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் 'மூவி' (MōVI) என்ற கிம்பல் வந்த சமயம். அது வந்த பிறகும் பெரிய படங்களில் ஸ்டெடிகேம் ஓய்ந்துவிடவில்லை, காரணம் அந்த ஸ்பிரிங் கைதான்.

உங்களுக்கு வரும் 6,000 ரூபாய் கிளைட்கேமில் அந்த ஸ்பிரிங் கை இருக்காது. கம்பம் மட்டும்தான் வரும். மொத்தப் பாரமும் ஒற்றைக் கையில் தொங்கும். உங்கள் கேமரா எடை குறைந்தது, அதனால் அது அசைவைத் தாங்கி நிற்க மேலேயும் கீழேயும் எடைத் தட்டுகளைச் சேர்க்க வேண்டிவரும், கை இன்னும் சீக்கிரம் ஓய்ந்துபோகும். தெருவில் காற்றடித்தால் கேமரா முகம் திருப்பிக்கொள்ளும். பேலன்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கம்பத்தைப் படுக்கை வாக்கில் பிடித்துக் கையை விட வேண்டும், அது நிமிர்ந்து நேராக இரண்டு மூன்று நொடி எடுத்தால் சரி. அந்த இரண்டு நொடியைக் கொண்டுவர ஒரு புதியவருக்கு அரை மணி நேரம் ஆகும். கையில் வந்துவிட்டால் கிம்பலில் கிடைக்காத ஒரு மிதப்பு அதில் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஆறு மாதப் பழக்கம் வேண்டும். தைக்கு முன்னால் முடியாது.

இப்போது எடைக் கணக்கு. இசட்வி-ஈ10 பேட்டரியோடு 343 கிராம். சிக்மா 16 எம்எம் 405 கிராம். ஒரு சின்ன மைக்கையும் சேர்த்தால் 800 கிராம் சொச்சம். சின்ன கிம்பல்களில் டிஜேஐ ஆர்எஸ் 3 மினி, ஆர்எஸ் 4 மினி இரண்டும் 2 கிலோ தாங்கும் என்று கணக்கு. நாளைக்கே நீங்கள் சோனி ஏ7 ஃபோருக்கு மாறினாலும் அது 658 கிராம், அதில் டேம்ரான் 28-75 இரண்டாம் பதிப்பைப் போட்டால் இன்னொரு 540, ஆக மொத்தம் 1,200 கிராமுக்குள். அப்பவும் சின்ன கிம்பலிலேயே நிற்கும். நாளைக்கு உதவும் என்று கடைக்காரர் சொன்ன அந்த நாளை, சின்னதிலேயே வந்துவிடுகிறது.

பெரிய கிம்பல் தப்பான பொருள் இல்லை. ஆர்எஸ் 3 ப்ரோ மாதிரி ஒன்றில் சினிமா லென்ஸ், மேட்பாக்ஸ், ஃபோகஸ் மோட்டார் எல்லாம் ஏற்றி வேலை பார்க்கலாம், விளம்பரப் படம் எடுப்பவர்களுக்கு அது தேவை. ஆனால் கிம்பலே ஏறக்குறைய ஒன்றரை கிலோ, ஆர்எஸ் 3 மினியோ சுமார் 800 கிராம்தான். கல்யாண வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் சாயந்தரம் மாப்பிள்ளை அழைப்பு, ராத்திரி ரிசப்ஷன், விடிகாலை நாலரை மணிக்கு முகூர்த்தத்துக்கு மறுபடியும் நிற்க வேண்டும். அந்த 700 கிராம் வித்தியாசம் ரிசப்ஷன் வரிசையில் ஐம்பதாவது குடும்பம் மேடை ஏறும்போது தோளில் தெரியும். தோள் நடுங்கினால் எந்த மோட்டாரும் கைகொடுக்காது.

எடை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நீளத்தையும் பாருங்கள். 2 கிலோவுக்குள் அடங்கினாலும், முன்பாரம் அதிகமான நீளமான லென்ஸ் போட்டால், கேமராவுக்கு அடியில் போடும் தட்டைப் பின்னால் தள்ளத் தள்ள அது ஓரத்துக்கே வந்து முட்டிக்கொள்ளும், பேலன்ஸ் வராது. வாடகைக்கு எடுக்கும்போதே உங்கள் கேமரா, உங்கள் லென்ஸ், உங்கள் மைக் மூன்றையும் மாட்டிப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பேலன்ஸ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிம்பல் வேலையில் பாதி இதுதான். பேட்டரி, கார்டு உள்ளே இருக்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றுங்கள். உங்கள் கேமராவின் திரை பக்கவாட்டில் திறப்பது, திறந்து வைத்து எடுப்பீர்கள் என்றால் திறந்து வைத்தே பேலன்ஸ் செய்யுங்கள், அந்தத் திரையின் எடையே இடதுபக்கம் சாய்த்துவிடும். 16-50 லென்ஸ் கேமராவை ஆன் செய்ததும் முன்னால் நீளும், ஆகவே ஆன் செய்த பிறகுதான் அதற்குப் பேலன்ஸ். பலர் ஆஃபில் வைத்து அழகாக நிறுத்திவிட்டு, ஆன் செய்ததும் மூக்கு கவிழ்கிறதே என்று மோட்டாரைத் திட்டுவார்கள்.

முதலில் டில்ட், அதாவது மேலும் கீழும் சாய்வது. கிம்பலை ஆன் செய்யாமல், லென்ஸை நேராக முன்னால் பார்க்க வைத்துக் கையை எடுங்கள். விழக் கூடாது. லென்ஸை வானத்தைப் பார்க்க வைத்துக் கையை எடுங்கள், அப்போதும் நிற்க வேண்டும். நடுவில் 45 டிகிரியில் விட்டாலும் விட்ட இடத்தில் நின்றால் டில்ட் முடிந்தது. அப்புறம் ரோல், கேமரா இடதும் வலதும் சாயாமல் நிற்க வேண்டும். கடைசியில் பான், அதாவது இடதும் வலதும் திரும்புவது, பிடியைச் சாய்த்துப் பிடித்தால் மேல் கை தானாக ஊசலாடக் கூடாது. இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஒன்று சரியில்லாமல் அடுத்ததற்குப் போனால் திரும்ப முதலிலிருந்துதான் வர வேண்டும். எல்லாம் முடிந்து ஆன் செய்த பிறகு மோட்டார் பலத்தைத் தானே சரி செய்துகொள்ளும் ஆட்டோ வசதி இருக்கும், அதை ஓட விடுங்கள். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கிர்ர் என்று ஒரு சன்னமான அதிர்வு வந்தால் எங்கோ பேலன்ஸ் பிசகியிருக்கிறது அல்லது மோட்டார் பலம் கூடுதல். அந்த அதிர்வு கேமராவின் சின்னத் திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிய மானிட்டரில் போட்டால் தெரியும்.

மைக் வயரை மறக்க வேண்டாம். விறைப்பான வயர் ஒன்று கேமராவிலிருந்து கிம்பலின் கைப்பிடிக்குப் போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் அது மோட்டாரை இழுக்கும். மென்மையான சின்ன வயராகப் போட்டு, ஒரு சுற்று தளர்வாக விட்டு, மைக்கைக் கேமராவின் மேலேயே உட்கார வையுங்கள்.

இனி மோனோபாட் ஏன் என்று சொல்ல வேண்டும், அதற்கு ஒரு பழைய சம்பவம். ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஒரு கல்யாணத்தில் கிம்பலில் அகல லென்ஸ் போட்டுக் காலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, முகத்தைக் கிட்டே எடுக்கலாம் என்று 85 எம்எம் மாற்றினேன். திரும்பப் பேலன்ஸ் செய்ய நேரமில்லை, மோட்டார் தாங்கிப் பிடித்தது, சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கிவரச் சொல்லி அனுப்பினார், அது திரும்பி வர நேரமானது. அத்தனை நேரமும் மோட்டார் அந்தப் பாரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. கெட்டிமேளம் கொட்டிய அந்த வினாடியில் சூடு தாங்காமல் மோட்டார் விட்டுவிட்டது. கேமரா தலை கவிழ்ந்தது. நான் நிமிர்த்தி ஆன் செய்வதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்து, அட்சதை மேடை முழுக்க இருந்தது. எதிர்ப்பக்கம் ட்ரைபாடில் என் உதவியாளர் நின்றதால் தாலி கட்டு பதிவானது. ஒரு மாதம் கழித்து வீடியோ பார்த்த பெண்ணின் அம்மா, "தாலி கட்டுறப்ப என் பொண்ணு முகம் தெரியலையே தம்பி" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து தாலி கட்டுக்கு நான் கிம்பல் வைப்பதில்லை.

அது நகரும் ஷாட் கேட்கும் நேரமே இல்லை, தம்பி. எல்லோரும் முன்னால் சாய்வார்கள், மாமன் கை குறுக்கே வரும், நாத்தனார் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார், நீங்கள் சட்டென்று ஒரு சாண் இடதுபக்கம் திருப்ப வேண்டும். ஃபாலோ முறையில், அதாவது கை திரும்பும் பக்கம் பின்தொடர்ந்து திரும்பும் முறையில், இருக்கும் கிம்பல் அரை வினாடி தாமதமாகத்தான் திரும்பும், அது அப்படி அமைக்கப்பட்டது. மோனோபாடில் உங்கள் கை திரும்பிய உடனே கேமரா திரும்பும். தலைக்கு மேலே தூக்கியும் பிடிக்கலாம். அடியில் இருக்கும் குட்டிக் கால்களை ஊன்றிக்கொண்டு உடம்போடு முன்னால் மெதுவாகச் சாய்ந்தால் ஒன்றரை அடி தூரத்துக்கு அழகான நகர்வும் கிடைக்கும், ஸ்லைடரே வேண்டாம். ஹோமம், மாலை மாற்றுதல், பெரியவர்கள் காலில் விழுவது எல்லாம் மோனோபாட் வேலைதான். விலை பேசி வாங்கினால் கிம்பலும் இதுவும் 40,000-க்குள் அடங்க வாய்ப்பிருக்கிறது. இழுபறியானால் கிம்பலைப் பழையதாகப் பார்த்து வாங்குங்கள், மோனோபாடை விட்டுவிடாதீர்கள்.

கிம்பலுக்கு எது? மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்துக்குள் நுழையும் ஷாட். பெண் அறையிலிருந்து மேடைக்கு வருவது. பந்தியில் இலை வரிசையோடு போவது. மறுநாள் அவுட்டோரில் ஜோடி நடந்து வருவது. ஒரு கல்யாணத்தில் நல்ல கிம்பல் ஷாட் எட்டோ பத்தோ போதும், இதற்கு மேல் போட்டால் ஹைலைட்ஸ் முழுக்க மிதந்துகொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு யார் முகமும் மனதில் நிற்காது.

மாப்பிள்ளை அழைப்பில் பின்னால் நடந்துகொண்டே எடுக்க வேண்டியிருக்கும். பின்னடி நடக்கும்போது விரல் முதலில் தரையைத் தொடும், அதனால் குலுக்கலும் குறையும், இது பலருக்குத் தெரியாத ஒரு வசதி. ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். உதவிக்கு வரும் தம்பியை உங்கள் பின்னால் நிறுத்தி, பெல்ட்டில் கை வைத்து வழி நடத்தச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து விளக்குத் தூக்குபவர்களுக்குப் போகும் வயர் தெருவில் கிடக்கும், வேகத்தடை இருக்கும், பட்டாசு வெடிக்கும். குதிரையோ சாரட்டோ வந்தால் இன்னும் விலகி நில்லுங்கள். கிம்பலை பான் ஃபாலோ முறையில் வைத்து, வேகத்தைக் குறைத்து வையுங்கள், அடிவானம் சாயாமல் இருக்கும். ஸ்டெடிஷாட் ஆஃப்.

பழையதாக வாங்குவதானால் சிலவற்றைக் கையிலேயே பார்த்துவிடலாம். ஆஃபில் வைத்து ஒவ்வொரு அச்சையும் விரலால் மெதுவாகச் சுற்றுங்கள், எண்ணெய் போட்டது போல ஓட வேண்டும், மணல் உரசுவது போல இருந்தால் வேண்டாம். பூட்டும் திருகுகள் இறுகுகின்றனவா என்று பாருங்கள். உங்கள் கேமராவை மாட்டி ஆன் செய்து, ஒரு சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பிடியுங்கள், படம் மெதுவாக ஒருபக்கம் சாய்ந்துகொண்டே போனால் சென்சாரை மறுபடி அளவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கப்புறமும் சாய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சின்ன மாடல்கள் சிலவற்றில் பேட்டரி உள்ளேயே இருக்கும், கழற்றி மாற்ற முடியாது, எத்தனை வருஷம் ஓடியது என்று கேளுங்கள். கேமராவுக்கு அடியில் போடும் தட்டு கூடவே வருகிறதா என்றும் பாருங்கள், அது தொலைந்தால் கிம்பலே சும்மா கிடக்கும்.

அந்தத் தட்டு பற்றிக் கடைசியாக ஒன்று. கேமராவைத் தள்ளிப் பூட்டிய பிறகு, மறுகையைக் கேமராவின் அடியில் வைத்துக்கொண்டே, ஒருமுறை பின்னால் இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். வாடகை கிம்பலில் எடுத்த கிளிப் ஒன்றிரண்டை எடிட் செய்யாமல் அப்படியே அனுப்புங்கள், எந்த லென்ஸ், எந்த ஷட்டர் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பார்த்துவிட்டு நடையைப் பற்றிச் சொல்கிறேன்.